கணவாயில் நின்ற பந்து

எங்கள் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்கள் சிலர் போன மாதம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆப்டிமைசேஷன் பாடத்தை முப்பத்திரண்டு வருடம் நடத்தியவன் என்ற முறையில் துறை மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். கரும்பலகையில் நான் வெறும் கையால் போடும் நீள்வட்டங்களைப் பற்றி எழுதினால் போதும் என்று ஒருவர் அடியெடுத்தும் கொடுத்தார். சரி என்று சொல்லி அவர்களை அனுப்பிவைத்தேன்.

எழுத உட்கார்ந்தால் வேறொன்றுதான் வருகிறது. வேலையின் கடைசி ஏழெட்டு வருடங்களை நான் ஒருவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டே கழித்தேன். அந்தப் பொறாமையில் ஒரு தவறும் செய்தேன். அது என்னைத் தவிர மூன்று பேருக்குத்தான் தெரியும். மூவரும் இதுவரை வெளியே சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

நான் ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் மகன். சேலத்தில் கணிதம் படித்து, சில காலம் தனிப்பயிற்சி நிலையங்களில் பாடம் எடுத்து, பிறகு நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. பாடம் நடத்தக் கற்றுக்கொண்டது பெரியசாமி சாரிடம்.

பெரியசாமி சார் என்னைவிட ஆறு வயது மூத்தவர். பின்னாளில் துறைத்தலைவர் ஆனார். புதிதாகச் சேர்ந்தவர்களின் வகுப்பில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். கையில் நோட்டு இருக்காது. ஆசிரியரைப் பார்க்க மாட்டார், பலகையையும் பார்க்க மாட்டார். மாணவர்களின் பேனாக்களையே பார்த்துக்கொண்டிருப்பார். வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் நம்மோடு கொஞ்ச தூரம் நடப்பார். ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அதற்கு மேல் கேட்டாலும் கிடைக்காது.

முதல் முறை என்னிடம் சொன்னது: "உங்க முதுகு நல்லாப் பாடம் நடத்துதுங்க, சண்முகம்."

அதன்பிறகு பலகைக்குப் பக்கவாட்டில் நின்று, முகத்தை வகுப்புக்குக் காட்டியபடி எழுதப் பழகினேன். அடுத்த பருவத்தில் மறுபடியும் வந்தார். அன்று சொன்னது வேறு: "நாலாவது பெஞ்சுல ஒரு பொண்ணு எழுதறத நிறுத்திட்டு யோசிச்சுதுங்க. அது எந்த எடம்னு பாத்தீங்களா?" நான் பார்க்கவில்லை.

ஆப்டிமைசேஷன் என்றால் பலருக்குப் பெரிய விஷயமாகத் தெரியும். பல வழிகளில் மிக நல்ல வழியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது, அவ்வளவுதான். நாமக்கல் பிள்ளைகளுக்குக் கோழித்தீவனத்தை வைத்தே பாதிப் பாடத்தை முடித்துவிடலாம். மக்காச்சோளம் எவ்வளவு, சோயாப் புண்ணாக்கு எவ்வளவு கலந்தால் சத்தும் குறையாமல் செலவும் மிகக் குறைவாக இருக்கும்? வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இந்தக் கேள்வி தினமும் இருக்கிறது.

இதில் ஒரு முறை, சரிவைப் பிடித்துக்கொண்டு இறங்குவது. கண்ணைக் கட்டி மலையில் விட்டால் என்ன செய்வோம்? காலால் தடவி, எந்தப் பக்கம் அதிகம் சரிகிறதோ அந்தப் பக்கம் ஓர் அடி வைப்போம். மறுபடி தடவி, மறுபடி அடி. கணக்கும் அப்படித்தான் இறங்குகிறது. அடியின் நீளம் குறைந்தால் இறங்கி முடியாது. கூடிவிட்டால் பள்ளத்தைத் தாண்டி எதிர் மேட்டில் போய் விழும். இதை நான் மூன்று வண்ணச் சாக்பீஸில் நடத்துவேன். ஒன்றுக்குள் ஒன்றாக நீள்வட்டங்கள், அவற்றை வெட்டிக்கொண்டு இறங்கும் அம்புகள். காம்பஸ் தொட மாட்டேன். பக்கத்துத் துறைப் பிள்ளைகள்கூட வந்து போனில் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பாடம் என்றால் நான்தான்.

பிறகு செல்வநாயகி வந்தார். பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். சேர்ந்தபோது முப்பது வயதுகூட இருக்காது. மாணவர் எண்ணிக்கை கூடியதால் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஏ பிரிவை எனக்கும் பி பிரிவை அவருக்கும் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் அடிக்கடி என் அறைக்கு வருவார். "ஏனுங்க சார், இந்த எடத்துல பசங்க முழிக்கறாங்க, நீங்க எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்பார். சொல்லிக்கொடுப்பேன். பெருமையாக இருக்கும்.

ஒரு நாள் கம்ப்யூட்டர் ஆய்வகத்தைக் கடந்து போகும்போது உள்ளே ஒரே கூச்சல் கேட்டது.

"இன்னுங் கூட்டு, இன்னுங் கூட்டு!"

"வேண்டாண்டா, பறந்துரும்!"

"போச்சு! தாண்டிருச்சு பாரு!"

அதோடு முப்பது பேர் சிரிக்கும் சத்தம். கதவருகே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு திரையிலும், எண் போட்ட கட்டங்களாகப் பிரித்து, மேடும் பள்ளமுமாக ஒரு நிலம். அதில் ஒரு சிவப்புப் பந்து. எங்கே வேண்டுமானாலும் பந்தை இழுத்து வைக்கலாம். ஓரத்தில் அடியின் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நகர்த்தி. பொத்தானை அழுத்தினால் பந்து படிப்படியாக இறங்கும், போன வழி கோடாக நிற்கும். நிலத்தைத் திருப்பலாம், மேலிருந்து பார்க்கலாம். மேலிருந்து பார்த்தால் தெரிந்தவை என் நீள்வட்டங்கள்தான். கோணல் இல்லாமல், ஒரு நொடியில்.

அந்த இணையப் பக்கத்தைச் செல்வநாயகியே எழுதியிருந்தார், விடுமுறையில் உட்கார்ந்து.

ஜன்னலுக்கு வெளியே இரண்டு பையன்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பிரிவு. என்னைக் கண்டதும் நகர்ந்தார்கள். அந்த நகர்தல்தான் எனக்குள் முதலில் சுருக்கென்று தைத்தது. அடுத்த வாரம் ஒரு மாணவன் மிக மரியாதையாக வந்து, "சார், பஸ் டைம் ஒத்துவரலீங்க, பி செக்ஷனுக்கு மாறிக்கட்டுங்களா?" என்றான். இரண்டு பிரிவும் ஒரே நேரத்தில்தான் முடியும்.

பொறாமை என்பது பெரிய தீயாக எரியும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அப்படி வரவில்லை. வகுப்பில் சாக்பீஸை எடுக்கும்போது பக்கத்து ஆய்வகத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கிறதா என்று காது தானாகப் போனது. தேர்வில் பி பிரிவு மதிப்பெண்களை முதலில் பார்த்தேன். வினாத்தாளில், கையால் நான்கு முறை அட்டவணை போட்டால்தான் விடை வரும் கணக்கை வேண்டுமென்றே வைத்தேன். அவர் பிள்ளைகள் அதையும் போட்டார்கள். ஆசிரியர் அறையில் யாராவது அந்தப் பக்கத்தைப் புகழ்ந்தால், "பொம்ம நல்லாத்தான் இருக்குது" என்பேன். அவர் சந்தேகம் கேட்க வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன்.

புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். குறை கண்டுபிடிப்பதற்காகவே திறந்தேன். மூன்று மணி நேரம் பந்தை இழுத்து இழுத்து வைத்தேன். நடுவில் எத்தனை முறை என்னை மறந்து ரசித்தேன் என்று ஒப்புக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது. கடைசியில் கிடைத்தது.

ஒரு நிலத்தில் இரண்டு குன்றுகள் இருந்தன, நடுவில் கணவாய். எங்கள் பக்கம் மலைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். குன்றிலிருந்து இறங்கி வருகிறவனுக்குக் கணவாய்தான் மிகத் தாழ்ந்த இடம். ஆனால் கணவாய் வழியாகக் குறுக்கே போகிறவனுக்கு அதுதான் மேடு. அங்கிருந்து இரு பக்கமும் இறக்கம். குன்றின் நடுக்கோட்டில், சரியாக ஒரு கட்டத்தில் பந்தை வைத்து விட்டால், அது நேராகக் கணவாய்க்கு இறங்கி அங்கேயே நின்றது. அந்தப் புள்ளியில் எந்தப் பக்கமும் சரிவு இல்லை. சரிவு இல்லை என்றதும், பச்சை எழுத்தில் திரை அறிவித்தது: 'மிகத் தாழ்ந்த இடம் வந்துவிட்டது.'

வரவில்லை. பந்தை ஒரு மயிரிழை பக்கவாட்டில் தள்ளினால் பள்ளத்துக்குள் போயிருக்கும். சரிவு பூஜ்ஜியமானால் அடிவாரம் என்று அந்தப் பக்கம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அவர் அறைக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. நான் போகவில்லை. எப்போதாவது பயன்படும் என்று வைத்துக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு நிறுவனம் வேலைக்கு ஆள் எடுக்க வந்தது. துறையின் சார்பில் நேர்காணல் அறையில் ஓரமாக நான் உட்கார்ந்திருந்தேன். பி பிரிவின் கோகிலா உள்ளே வந்தாள். திருச்செங்கோட்டுப் பெண். தகப்பனார் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை, வருடத்தில் பாதி வடக்கே இருப்பார். அவளுடைய வகுப்பில் அவள்தான் முதல். கேள்விகளுக்கெல்லாம் நன்றாகச் சொன்னாள். கடைசியில் ஒருவர் கேட்டார்: இறங்கிக்கொண்டே வந்து சரிவு பூஜ்ஜியமாகிவிட்டது என்றால் என்ன அர்த்தம்?

"கீழ வந்துட்டோம்னு அர்த்தங்க சார்."

"நிச்சயமா?"

அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு தைரியமாகச் சொன்னாள்: "நிச்சயமாங்க சார். நான் கண்ணால பாத்திருக்கறனுங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்து காகிதத்தில் எதையோ எழுதினேன். அவளை எடுக்கவில்லை.

நியாயமாக, அன்றாவது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வந்த எண்ணம் இது: 'இப்போது ஆதாரமும் கிடைத்துவிட்டது.'

மாசியில் வெளியிலிருந்து ஆய்வுக் குழு வந்தது, மூன்று பேர். செல்வநாயகியின் பாடத்துக்கு நிரந்தரமாக ஆய்வக நேரம் ஒதுக்குவதா, அவரைப் பணியில் உறுதி செய்வதா என்பதில் அவர்கள் எழுதப்போவதற்கு எடை இருந்தது. அன்று அவர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நிலத்தைச் சுழற்றிக் காட்டினார். குழுத் தலைவர், ஒல்லியான, சிரிக்காத மனிதர், கொஞ்ச நேரத்தில் மவுஸைத் தானே வாங்கிக்கொண்டார். அடியைக் கூட்டினார். பந்து எகிறிப் போனது. வாய்விட்டுச் சிரித்தார். அறையே சிரித்தது, பெரியசாமி சாரைத் தவிர. அவர் வழக்கம்போல் எல்லோரின் கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன்: "ஏம்மா, பந்தை அந்தக் குன்று மேல, நடுக் கட்டத்துல வச்சு விடுங்களேன்."

"இதுங்களா சார்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தபடியே வைத்தார். அழுத்தினார். பந்து இறங்கியது, கணவாயில் நின்றது. பச்சை எழுத்து வந்தது.

"அது தாழ்ந்த எடமில்லீங்க" என்றேன். எழுந்து, ஆய்வகத்தின் மூலையில் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த சிறிய பலகைக்குப் போய், மூன்று வண்ணத்தில் கணவாயை வரைந்து இரண்டு நிமிடத்தில் விளக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவாக நான் பாடம் நடத்தியதில்லை.

குழுத் தலைவர் கேட்டார்: "இதப் பாத்து எத்தன பேர் படிச்சிருக்காங்க?"

"ரெண்டு வருசமா, எல்லாருங்க" என்றார் செல்வநாயகி. முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவர் செய்தது என்ன தெரியுமா? அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தின் எண்ணை உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். திருத்துவதற்கு.

சரிபார்க்காத கருவி என்று குழு எழுதிவிட்டுப் போனது. ஆய்வக நேரம் நின்றது. பணி உறுதியும் ஒரு வருடம் தள்ளிப்போனது. என் சந்தோஷம் வராந்தாவைத் தாண்டும்வரைகூட நிற்கவில்லை. பெரியசாமி சார் என்னைத் தன் அறைக்கு வரச் சொன்னார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "அந்தத் தப்பு உங்களுக்கு எப்பத் தெரியுங்க?"

"இப்பத்தானுங்க சார், பாத்துட்டே இருக்கறப்பத் தோணுச்சு."

"லேப்புல சாக்பீஸ் வைக்கறதில்லீங்க, சண்முகம். உங்க சட்டப்பையில மூணு கலரு இருந்துச்சு."

கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"புரட்டாசியிலீங்க" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். என்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், படவில்லை. "அந்தப் பொண்ணுகிட்டப் போயிச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றார். மேசையிலிருந்த கோப்பு ஒன்றை எடுத்து விரித்துக்கொண்டார். போகலாம் என்று அர்த்தம்.

போக எனக்கு நான்கு நாள் ஆனது. செல்வநாயகி தன் மேசையில் நிரலைத் திருத்திக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். புரட்டாசியில் கண்டதையும், சொல்லாமல் வைத்திருந்ததையும், அன்று வேண்டுமென்றே கேட்டதையும் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்:

"கோகிலா இன்டர்வியூவுக்கு முன்னாடிங்களா, பின்னாடிங்களா சார்?"

"முன்னாடிம்மா. அந்த ரூம்புலயும் நான் இருந்தேன்."

மடிக்கணினியை மூடினார். "நான் போட்டது தப்புங்க சார். அது என் தப்பு, சரி பண்ணிட்டேன். உங்களுது வேற. அதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியிலீங்க." பிறகு, "கோகிலாகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார்.

நூலகத்துக்கு வெளியே கோகிலாவைப் பார்த்துச் சொன்னேன். அவள் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் சொன்னது தப்புன்னு அங்கயே உங்களுக்குத் தெரியுங்களா சார்?"

"தெரியும்மா."

"சொன்னதுக்கப்பறம் நான் உங்களத்தாங்க சார் பாத்தேன். குனிஞ்சு எழுதிட்டு இருந்தீங்க." பிறகு, "சரிங்க சார், வாரேனுங்க" என்று போய்விட்டாள். படிப்பு முடிந்து ஐந்தாறு மாதம் கழித்து அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். என்னிடம் அவள் சொல்லவில்லை.

குழுவுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். பிழை திருத்தப்பட்டுவிட்டது, நானே முழுவதும் சரிபார்த்தேன், ஆய்வக நேரத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று. அடுத்த பருவத்தில் கொடுத்தார்கள். எனக்கு முன்பே தெரியும் என்பதை மட்டும் அந்தக் கடிதத்தில் எழுதவில்லை. பணி உறுதி ஒரு வருடம் தாமதமாகவே வந்தது.

அதன்பிறகு செல்வநாயகி என் அறைக்குச் சந்தேகம் கேட்க வந்ததில்லை. வணக்கம் சொல்வார், கேட்டதற்குப் பதில் சொல்வார். நான்தான் ஒரு நாள் அனுமதி கேட்டு அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அன்று கணவாயைத்தான் நடத்தினார். முன்பு பிழையாக இருந்த இடத்தையே பாடமாக்கியிருந்தார். பந்தை அந்தக் கட்டத்தில் வைத்துவிட்டு, "யாரும் அழுத்தக் கூடாது. எங்க போயி நிக்கும்னு மொதல்ல நோட்டுல எழுதுங்க. ஏன்னும் எழுதுங்க" என்றார். அறை அமைதியானது. பேனாக்கள் ஓடின. பிறகு நின்றன. ஒவ்வொருவராக நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். அவர் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு பெஞ்சாக நடந்து, யார் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தார். அதற்கப்புறம்தான், "இப்ப அழுத்துங்க."

பாதிப் பேர் எழுதியது தப்பு. எழுந்த கூச்சல் முழுவதும் அதற்காகத்தான்.

இத்தனை வருடமும் நான் பொறாமைப்பட்டது அந்தத் திரையைப் பார்த்து. வண்ணமும் அசைவும்தான் பிள்ளைகளை இழுக்கின்றன என்று நினைத்திருந்தேன். அழுத்துவதற்கு முன்னால் வந்த அந்த அமைதியை நான் கதவருகே நின்று கேட்டதே இல்லை. அது வெறும் பலகையை வைத்துக்கொண்டுகூட உண்டாக்கக்கூடியது. நான் விடையையும் சேர்த்தே வரைந்துகொண்டிருந்தேன், அழகாக. திரையைப் பார்த்துப் பொறாமைப்படுவதில் ஒரு வசதி இருந்தது. எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் வேலை தெரியாது, அவ்வளவுதான் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அந்த ஆறுதலும் இல்லை. கடைசி இரண்டு வருடம் என் வகுப்பிலும் முதலில் எழுதச் சொல்லிப் பார்த்தேன். ஓரளவு வந்தது. அவருக்கு வந்த அளவு வரவில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று பாராட்டு விழா வைத்தார்கள். எனக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்த பெரியசாமி சாரும் வந்திருந்தார். துறையின் சார்பில் பேச வந்தவர் செல்வநாயகி.

"என் புரோகிராம்ல இருந்த ஒரு பெரிய தப்பக் கண்டுபுடிச்சது சண்முகம் சாருங்க. அவங்க இல்லீன்னா இன்னும் எத்தன பேத்துக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்திருப்பனோ தெரியிலீங்க. அவங்க கண்ணுக்கு ஒண்ணும் தப்பாதுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். பெரியசாமி சார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து சொல்லியிருக்கலாம். ஒலிபெருக்கி இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. கழுத்தில் மாலையோடு கை கூப்பினேன்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. குரலில் குத்தலும் இல்லை, நன்றாகக் கவனித்தேன். பேசிவிட்டு இறங்கிப் போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் வேறு ஏதோ பேச ஆரம்பித்துவிட்டார். அவரைப் பார்த்துக்கொண்டே நான் நினைத்தேன்: அந்தத் தவறு என்னுடையதாக இருந்து, அதை அவர் கண்டுபிடித்திருந்தால், மறுநாள் காலையிலேயே என் அறைக்கு வந்து, "ஏனுங்க சார், இதக் கொஞ்சம் பாருங்க" என்றிருப்பார். அதற்காக அவர் யோசித்திருக்கக்கூட மாட்டார்.

அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.